பதிலுக்கு நிற்கிறவள்

அத்தியாயம் பதினான்கு

பல் டாக்டரம்மாவைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேனாம். ஒரு வாசகி நாலு பக்கத்துக்குக் கடிதம் போட்டிருக்கிறார். அம்மா, இந்த வாரத்தையும் படித்துவிட்டு எழுதுங்கள். என் கோபம் அவர் மேல் இல்லை என்பது உங்களுக்கே புரியும்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பழங்கதை. டீச்சர் என்று எல்லோரும் கூப்பிடுகிற அந்த அம்மாள், பள்ளிக்கூடம் விட்ட பிறகு மாலை நேரத்தில் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுக்கிறவர். கோடை விடுமுறையில் மூன்று வாரம் முழுநாள் பயிற்சி. கடைசி நாள் பெற்றோர் முன்னால் நாடகம். கீழ் வீட்டில் டீச்சர் தனியாக இருக்கிறார். மேல் வீட்டில் அவருடைய தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய ஒன்பது வயது மகள் சில்வண்டு. தம்பி எலெக்ட்ரீஷியன். அக்காவின் நாடகங்களுக்கு லைட் போடுவது அவர்தான்.

நாடக வகுப்பில் சில்வண்டுக்கு மூன்று வருஷமாக ஒரே வேலை. யார் வரவில்லையோ அவர்களுக்குப் பதிலாக நிற்பது. தவளைக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கு அவள் தவளை. ஆட்டுக்குட்டி பல் பிடுங்கப் போயிருந்தால் அவள் ஆட்டுக்குட்டி. நாடகத்தன்றைக்கு எல்லோரும் வந்துவிடுவார்கள், சில்வண்டு தண்ணீர் பாட்டில்களைக் காவல் காப்பாள்.

இந்தக் கோடையில்தான் அதிசயம் நடந்தது. பாலத்துக் காவல்காரியாக நடிக்க வேண்டிய நெட்டை, அதுதான் பல் டாக்டரம்மாவின் மகள், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போய் ஒன்பது நாள் வரவில்லை. ‘தொடர்ந்து மூன்று நாள் வராதவர்களின் வேடம், பதிலுக்கு நின்றவருக்கே’ என்று டீச்சரே தன் கையால் எழுதிக் கதவில் ஒட்டியிருக்கிறார். நாலாம் நாள் காவல்காரி வேடம் சில்வண்டுக்கு வந்தது. வாங்கிய நாளிலிருந்து அந்தப் பெண் தூக்கத்தில்கூடப் பாலத்தைக் காவல் காத்தாள்.

பத்தாம் நாள் நெட்டை திரும்பி வந்தாள். கூடவே அம்மாவும் வந்தார். பல் டாக்டரம்மா சண்டை எதுவும் போடவில்லை. சிரித்த முகமாக ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: “பரவால்ல டீச்சர், உங்க வீட்டுப் பிள்ளைக்கு நீங்க குடுக்காம வேற யாரு குடுப்பா?”

அவ்வளவுதான். பெற்றோர் சங்கத்துக்குத் தலைவி அவர். விடுமுறையில் பள்ளி அரங்கத்தைத் திறந்துவிடச் சொன்னதும் அவர்தான். ஆனால் டீச்சரைக் குத்தியது அது அல்ல. நாலு பேர் பேசுவார்களே என்கிற பயம்தான் அவரைப் பிடித்து ஆட்டியது. தான் போட்ட விதியைத் தானே மீறி, கதவில் இருந்த தாளில் பெயரை மாற்றி எழுதினார். பாரபட்சம் பார்க்காதவள் என்று பெயர் வாங்குவதற்காகச் செய்த பாரபட்சம் அது. போன வாரம் அங்கேதான் விட்டிருந்தேன்.

இனி, நாடகத்துக்கு முந்தின நாள்.

*

காலை ஏழு மணி. சில்வண்டின் அம்மா சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து, தான் போட்ட தையலைத் தானே பிரித்துக்கொண்டிருந்தாள்.

காவல்காரியின் நீல அங்கி. “உன் பொண்ணு குள்ளம், மூணு விரல் மடிச்சுத் தைச்சுடும்மா” என்று நாத்தனார் சொன்னபோது என்ன சந்தோஷமாகத் தைத்தாள் தெரியுமா! கண்ணுக்குத் தெரியாத பொடித் தையல். நேற்று சாயங்காலம் அதே நாத்தனார் போன் பண்ணி, மடித்ததை இறக்கிவிடச் சொன்னார். வேடம் ஏன் கைமாறியது என்று எதுவும் சொல்லவில்லை. நெட்டைக்குக் கணுக்கால் தெரிகிறதாம்.

அவள் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள். ஒரு நாளைக்கு நாற்பது பேருக்கு வலிக்காமல் ஊசி குத்துகிற கை. இன்றைக்கு அந்தக் கையே இரண்டு தடவை குத்திக்கொண்டது.

“என்னங்க.”

“ம்.” அவர் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

“உங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“என்னன்னு கேக்கறது?”

“மூணு நாள் வரலன்னா வேஷம் போச்சுன்னு கதவுல எழுதி ஒட்டினது யாருன்னு கேளுங்க.”

“அக்கா ஆயிரம் யோசிச்சுத்தான் பண்ணுவா. நம்ம பொண்ணுங்கறதாலதான அவளுக்குச் சங்கடம்.”

“அதைத்தான் நானும் சொல்றேன். பக்கத்து வீட்டுப் பொண்ணா இருந்தா வேஷம் கிடைச்சிருக்கும். நம்ம வயித்துல பொறந்ததுதான் அவ பண்ணின தப்பு.”

அவர் டம்ளரைக் கழுவப் போய்விட்டார். பேச்சு இந்தத் திசையில் திரும்பினால் இவருக்கு உடனே எதையாவது கழுவ வேண்டும், இல்லாவிட்டால் எதையாவது முடுக்க வேண்டும்.

அவரையும் முழுக்கக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பதினோரு வயதில் அப்பா அம்மா இரண்டு பேரும் போன பிறகு, அக்காதான் அவரைத் தூக்கி வளர்த்தார். அவருக்காகவே கல்யாணம் வேண்டாம் என்றார். இன்றைக்கு வரை அக்கா கிழித்த கோட்டை அவர் தாண்டியதில்லை. நன்றி நல்ல குணம்தான். ஆனால் அந்த நன்றிக்கான தவணையை ஒன்பது வயதுப் பெண் கட்டிக்கொண்டிருந்தாள் என்பதை அவர் பார்க்கவில்லை. பார்த்தாரோ என்னவோ, பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

சில்வண்டு பல் விளக்கிவிட்டு வந்தாள். அம்மா மடியில் இருந்த நீலத் துணியைப் பார்த்தாள். பிரித்த இடத்தில் வரிசையாக ஊசி ஓட்டை.

“இதைத் தேய்ச்சா போயிடுமாம்மா?”

“போகாது.”

“நெட்டை வருத்தப்படுவா. அவளுக்குப் புதுசா இருந்தாத்தான் பிடிக்கும்.”

அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நீ ஏன்டி அவளுக்காகக் கவலைப்படறே? உனக்குக் கோபமே வராதா?”

சில்வண்டு கொஞ்சம் யோசித்தாள். “அத்தை என்னை எடுத்துக் குடுக்கச் சொல்லியிருக்காங்க. அதுவும் பெரிய வேலைதான்னு சொன்னாங்க. புஸ்தகமே எங்கிட்டதான் குடுத்திருக்காங்க” என்றாள். நாடகப் பிரதி இருந்த பச்சை ஃபைலைத் தூக்கிக் காட்டினாள்.

மேடைக்குப் பக்கத்துத் திரை மறைவில் நின்றுகொண்டு, வசனம் மறந்தவர்களுக்கு முதல் வார்த்தையை மெதுவாகச் சொல்கிற வேலை அது. வேடத்தைப் பிடுங்கிக்கொண்டு, அதே வேடத்தை இன்னொருத்திக்கு ஊட்டிவிடச் சொல்லியிருக்கிறார்கள். அதையும் அந்தப் பெண் பெருமையாகச் சொல்கிறாள். அம்மா குனிந்து நூலைப் பல்லால் கடித்தாள்.

*

பிற்பகல் இரண்டரை மணிக்கு ஒத்திகை.

நாடக ஒத்திகைக்கு முன்னால் அந்த அரங்கத்தைப் பார்த்திருக்கிறீர்களா? தவளை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு ஓடியது. அதைக் கழற்றினால் தவளைக்குப் படி தெரியாது. ஆட்டுக்குட்டிக்குக் காது ஒட்டி முடித்த அந்த நிமிஷத்தில்தான் அவசரமாகப் போக வேண்டியிருந்தது. யார் யார் எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் கலர் டேப் ஒட்டியிருந்தார்கள், அதை ஒரு நரி உரித்துக்கொண்டிருந்தது. டீச்சர் ஒரே குரலில் பதினெட்டு பேரையும் அதட்டினார். அந்தக் குரலுக்கு மட்டும் எல்லா மிருகங்களும் அடங்கின.

முன்வரிசையில் பல் டாக்டரம்மா. பக்கத்தில் பள்ளித் தலைமையாசிரியை. ஒத்திகைக்கு வெளியாட்களை விடுவதில்லை என்பதும் டீச்சரின் விதிகளில் ஒன்றுதான். இன்றைக்கு அதுவும் போயிற்று.

அரங்கத்தின் கடைசியில் ஒரு மேஜை. அதன் மேல் லைட்டுகளை ஏற்றி இறக்குகிற பலகை. அதற்குப் பின்னால் சில்வண்டின் அப்பா.

திரை மறைவில், நெட்டை அங்கியைப் போட்டுக்கொண்டு சுவரோடு சுவராக நின்றிருந்தாள். வயது பத்துதான், ஆனால் உயரத்தைப் பார்த்துப் பெரியவர்கள் எல்லோரும் அவளிடம் அதிகமாகவே எதிர்பார்த்துவிடுகிறார்கள்.

“ஏய் வண்டு.”

“என்ன?”

“எனக்கு வேண்டாம்னு அம்மாகிட்ட சொன்னேன். நிஜமா. நீ பண்ணதுதான் நல்லாருந்துச்சுன்னு தவளை சொன்னான்.”

“அப்பறம் ஏன் வந்தே?”

“‘உனக்குக் கிடைச்சதை ஏன் விட்டுக் குடுக்கணும்’னு அம்மா கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியல.” அவள் கையில் இருந்த வசனத் தாள் வேர்வையில் நனைந்திருந்தது. பயிற்சி ஆரம்பித்த முதல் நாள் எல்லோருக்கும் கொடுத்த தாள் அது. “எல்லாம் மனப்பாடம் பண்ணிட்டேன். ஆனா மேல போனா மறந்துடும். நீ எடுத்துக் குடுப்பியா?”

“குடுப்பேன்.”

“சத்தியமா?”

“குடுப்பேன்னு சொல்றேன் இல்ல.”

கொடுத்தாள். இருபத்தைந்து நிமிஷம் அந்தப் பெண் கொடுத்துக்கொண்டே இருந்தாள். நெட்டையின் கண் திரைப் பக்கம் திரும்புவதற்கு முன்னாலேயே வார்த்தை அங்கே தயாராக இருந்தது. எந்த இடத்தில் மறக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, அந்த இடங்களில் அவளே தடுமாறி எழுந்தவள். முன்வரிசையில் பல் டாக்டரம்மா நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். டீச்சரின் முகத்தில் இரண்டு நாளாக இல்லாத களை வந்தது.

கடைசிக் காட்சி. கதை இதுதான்: இருட்டிய பிறகு பாலத்தில் யாரையும் விடக் கூடாது, அது காவல்காரியின் சட்டம். நரியை விடவில்லை, ஆட்டை விடவில்லை, அழுத தவளையைக்கூட விடவில்லை. கடைசியில் அவளுடைய சொந்தத் தம்பியே வந்து நிற்கிறான்.

தம்பியாக வந்த பையனுக்கு ஜலதோஷம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டான்: “அக்கா, நான்தான். விடுவியா, மாட்டியா?”

நெட்டை வாயைத் திறந்தாள்.

ஒன்றும் வரவில்லை.

திரைப் பக்கம் பார்த்தாள். சில்வண்டு ஃபைலைக் குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, கையைத் தூக்கி, ஒவ்வொரு விரலாக மடக்க ஆரம்பித்தாள்.

நெட்டைக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேடையில் விளக்கு மெல்ல மெல்லக் குறைந்தது. மோவாய் நடுங்குகிற அளவுக்கு அவளுக்கு அழுகை முட்டியது. நரி களுக்கென்று சிரித்தது.

“என்ன டீச்சர் இது?” என்றார் பல் டாக்டரம்மா, மெதுவாக.

டீச்சர் எழுந்தார். “எடுத்துக் குடுடி!”

சில்வண்டு தலையை ஆட்டி மறுத்தாள். விரல் இன்னும் மடங்கிக்கொண்டிருந்தது.

டீச்சர் படியேறித் திரை மறைவுக்குப் போனார். முன்வரிசைக்கு அது நன்றாகவே தெரிந்தது. திரையை அரை ஆள் அகலத்துக்குத்தான் இழுத்திருந்தார்கள். “விரலைக் காட்டிக் கேலி பண்றியா? பொறாமையா உனக்கு? ஒரு குழந்தை மேடையில நின்னு அழுவுது, உனக்கு விளையாட்டா இருக்கா?”

“இல்ல அத்தை, இதுல—”

கன்னத்தில் ஒன்று விழுந்தது.

பெரிய சத்தம் இல்லை. ஆனால் பதினெட்டுப் பிள்ளைகளும் ஒரே சமயத்தில் வாயை மூடிக்கொண்டதால் நன்றாகவே கேட்டது. மூன்று வருஷமாக டீச்சர் ஒரு பிள்ளை மேல்கூடக் கை வைத்ததில்லை. அதையும் தம்பி மகளிடம்தான் ஆரம்பித்தார். நம் வீட்டுப் பிள்ளை, யாரும் கேட்க மாட்டார்கள் இல்லையா!

கேட்க ஒருத்தி இருந்தாள். அங்கியின் ஓரத்துக்குக் கடைசி நேரத்தில் ஊக்கு தேவைப்படலாம் என்று, உணவு இடைவேளையைத் தள்ளிப்போட்டு வந்த சில்வண்டின் அம்மா, பக்கவாட்டு வாசலில் ஊக்கு டப்பாவோடு நின்றிருந்தாள். அவள் முதலில் பார்த்தது மகளை அல்ல. அரங்கத்தின் கடைசியில் இருந்த மேஜையைத்தான் திரும்பிப் பார்த்தாள்.

அவர் எழுந்திருக்கவில்லை. பலகையில் கையை வைத்து, குறைந்திருந்த விளக்கை மறுபடி ஏற்றினார். மேடை பளிச்சென்று ஆனது.

அவள் மேடைக்குப் போய் மகளின் கையைப் பிடித்தாள்.

“எங்க கூட்டிட்டுப் போறே?” என்றார் டீச்சர். அவருக்கும் மூச்சு வாங்கியது. “ஒத்திகை முடியல. எடுத்துக் குடுக்க ஆள் வேணும்.”

“பதிலுக்கு யாரையாவது நிக்க வைங்க அண்ணி.”

பதினொரு வருஷத்தில் நாத்தனாரை அவள் எதிர்த்துப் பேசியது இதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். சில்வண்டின் கக்கத்தில் பச்சை ஃபைல் இருந்தது, அதைக் கேட்டு வாங்க யாருக்கும் தோன்றவில்லை.

*

வீட்டுக்கு வந்ததும் அம்மா பரிசோதனை நிலையத்துக்கு போன் பண்ணி, திரும்பி வரவில்லை என்று சொன்னாள். மகளின் முகத்தைக் கழுவிவிட்டாள். கன்னம் சிவந்திருந்தது. அழுகை மட்டும் இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

“இங்க பாரு. நீ பண்ணினது எனக்குப் புரியுது. உன் இடத்துல நான் இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பேன். ஆனா அந்த நெட்டப் பொண்ணு என்னடி பண்ணா? பாவம் இல்லையா?”

சில்வண்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். அடி வாங்கியபோதுகூட அவள் அப்படிப் பார்க்கவில்லை.

“நீயும் அப்படித்தான் நினைச்சியா?”

“பின்ன?”

“நான் வேணும்னு பண்ணல. அந்த இடத்துல வசனமே இல்லம்மா.”

“என்னடி சொல்றே?”

சில்வண்டு ஃபைலைத் திறந்து, கடைசிக்கு முந்தின பக்கத்தை எடுத்துக் காட்டினாள். எட்டு வரி வசனம், மேலிருந்து கீழ் வரை சிவப்பு மையால் பெருக்கல் குறி. ஓரத்தில் டீச்சரின் குண்டு குண்டான கையெழுத்து: ‘பேச்சு வேண்டாம். சும்மா நிற்கட்டும். பத்து எண்ணும் வரை. அருமை!’

“மொதல்ல அங்க பெரிய பேச்சு இருந்துச்சு. ஒரு நாள் எனக்கு மறந்து போச்சு. என்ன சொல்றதுன்னே தெரியாம அவனையே பாத்துட்டு நின்னேன். அப்பறம் பேசாம பாலத்துத் தடுப்புக் கட்டையைத் தூக்கி அவனை விட்டுட்டேன். அத்தை ஓடி வந்து கட்டிப் பிடிச்சாங்க. அதுதான் நடிப்புன்னு சொன்னாங்க. பேச்சையே எடுத்துட்டாங்க.” அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். “நெட்டைகிட்ட பழைய தாள்தான் இருக்கு. அவளுக்குத் தெரியாது. நான் விரல்ல எண்ணிக் காட்டினேன், நில்லு, நில்லுன்னு. எடுத்துக் குடுக்க அங்க எதுவும் இல்லம்மா.”

அம்மா அந்தச் சிவப்புக் குறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரெல்லாம் சந்தேகப்பட்ட பிள்ளையைத் தானும் சந்தேகப்பட்டு, அதற்கு ‘புரியுது’ என்று ஆறுதல் வேறு சொல்லியிருக்கிறாள்.

பெருக்கல் குறிக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. அதை அவள் விரல் வைத்துப் படித்தாள். ‘இங்கே விளக்கு மெதுவாகக் குறைய வேண்டும். தம்பியிடம் சொல்ல.’

“வண்டு. இது அப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரியுமே. நான் நிக்க ஆரம்பிச்ச உடனே அவரும் அங்க எண்ணுவாரு. பத்து வந்ததும் ஒரே ஒரு லைட்டுதான் இருக்கும்.” சில்வண்டு ஃபைலை மூடினாள். “இன்னிக்கும் குறைச்சாரே, நீ பாக்கல?”

பார்த்திருந்தாள்.

*

ஆறு மணிக்கு அவர் வந்தார். கருவிப் பையை மூலையில் வைத்தார். யாரும் பேசாததால் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார், பிறகு குறைத்தார்.

அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தாள்.

“எத்தனை வரைக்கும் எண்ணினீங்க?”

அவர் புரியாதவர்போல் பார்த்தார். அவள் ஃபைலை அவர் மடியில் வைத்தாள். பக்கம் திறந்தே இருந்தது. அவருடைய முகத்தில் இருந்த நடிப்பெல்லாம் வடிந்துபோனது.

“ஆறு.”

“ஆறு எண்ணிட்டு இருக்கும்போது அவளை அடிச்சாங்க.”

“ம்.”

“அது வசனம் இல்லாத இடம்னு அங்க இருந்த பெரியவங்கள்ல உங்களுக்குத்தான் ஞாபகம் இருந்துச்சு. அங்கிருந்து ஒரு சத்தம் போட்டிருந்தா போதும். ‘அக்கா, அவ மேல தப்பில்ல.’ மூணு வார்த்தை, நாலு வார்த்தை.”

“தலைமையாசிரியை இருந்தாங்க. அந்த டாக்டரம்மா இருந்தாங்க. அத்தனை பேர் முன்னாடி அக்காவை எப்படி…”

“அத்தனை பேர் முன்னாடி உங்க பொண்ணை?”

சில்வண்டு படுக்கையறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் அவளைக் கூப்பிடவும் இல்லை, அவள் வரவும் இல்லை.

“போங்க” என்றாள் அவள். “கீழ போய்ச் சொல்லிட்டு வாங்க. சொல்லாம இந்த வீட்டுக்குள்ள வராதீங்க. நான் இதுவரைக்கும் உங்ககிட்ட எதுவும் கேட்டதில்ல.”

அவர் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். நிஜமாகவே சொல்லிவிடுவார் என்றுதான் அவள் நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மேலே படிக்கட்டின் முனையில் அம்மாவும் மகளும் நின்றார்கள். கீழே மணி அடித்தது. கதவு திறந்தது.

“அக்கா.”

“வாடா. சாப்பிட்டியா?”

“இல்ல… வந்து…” கதவுத் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. “அந்த நீள எக்ஸ்டென்ஷன் வயர் உங்கிட்டயா இருக்கு? நாளைக்குப் பக்கத்து லைட்டுக்கு வேணும்.”

மேலே நின்றவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவமானமாக இருந்தது, அதைவிட அதிகமாக அலுப்பாக இருந்தது. கண்ணைத் திறந்தபோது பக்கத்தில் மகள் இல்லை. பாதிப் படி இறங்கியிருந்தாள், ஃபைலோடு.

சில்வண்டு அப்பாவுக்கும் கதவுக்கும் நடுவில் நுழைந்து உள்ளே போனாள்.

“அத்தை. அந்த இடத்துல வசனம் இல்ல. நீங்கதான் வேண்டாம்னு எழுதியிருக்கீங்க.”

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நாற்காலியில் உட்கார்ந்தார். ஃபைலைக் கை நீட்டி வாங்கவில்லை.

“தெரியும்.”

அப்பா அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

“வீட்டுக்கு வர்ற வழியிலயே ஞாபகம் வந்துடுச்சு” என்றார் டீச்சர். குரல் மேடையில் கேட்கிற குரலாக இல்லை. “என்ன பண்றது? தலைக்கு மேல வேலை. பக்கத்துல அவங்க வேற உக்காந்துட்டு… விடு. அடுத்த வருஷம் பெரிய வேஷம் உனக்குத்தான். யார் என்ன சொன்னாலும் உனக்குத்தான். போதுமா?”

சில்வண்டு ஃபைலை நீட்டியபடியே நின்றாள்.

“நாளைக்கு நீ வரணும் வண்டு. நீ இல்லன்னா அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை பேசமாட்டா. நீ போனப்பறம் பாதியில நிறுத்த வேண்டியதாயிடுச்சு.”

சில்வண்டு அப்போதும் பேசவில்லை. அந்த மௌனத்தை டீச்சரால் தாங்க முடியவில்லை. பழைய அதட்டல் திரும்பி வந்தது.

“இப்ப என்னதான்டி வேணும்? எல்லார் முன்னாடியும் நான் உங்கிட்ட மன்னிப்பு கேக்கணுமா?”

இல்லை என்கிற பதிலை எதிர்பார்த்துக் கேட்கிற கேள்வி அது. அந்த வீட்டில் யாரைக் கேட்டிருந்தாலும் ‘ஐயோ, அதெல்லாம் வேண்டாம்’ என்றுதான் சொல்லியிருப்பார்கள். அப்பாகூட அதைச் சொல்ல வாயெடுத்தார்.

“ஆமா” என்றாள் சில்வண்டு. “எல்லார் முன்னாடியும்தான அறைஞ்சீங்க. நாளைக்கு அஞ்சு மணிக்கு எல்லாரும் வருவாங்க. நீங்க கேட்டதுக்கப்பறம்தான் நான் திரைக்குப் பின்னாடி போவேன்.”